வரைபடத்தில் ஏறிய மாமியார்

அணைக்காரருக்கு எதையும் விரலால் அளந்தால்தான் மனம் ஆறும். டீக்கடையில் டம்ளரைக் கையில் வாங்கினால் உடனே குடிக்க மாட்டார். விளிம்பிலிருந்து டீ எத்தனை விரல் இறங்கியிருக்கிறது என்று பக்கவாட்டில் பிடித்துப் பார்ப்பார். "இன்னிக்கு ஒன்றரை விரல் குறையுதே" என்பார். கடைக்காரர் மட்டும் சளைத்தவரா? "மேல மழை இல்லீங்க, வரத்து குறைவு" என்பார். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். அணைக்காரர் சிரிக்க மாட்டார். வரத்து குறைவு என்பது அவருக்குச் சிரிக்கிற விஷயமே கிடையாது.

இருபத்து நாலு வயதில் அந்த அணைக்கு வேலைக்கு வந்தவர். ஐம்பத்தெட்டு முடிய இன்னும் இரண்டே மாதம். அணை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கரையில் நின்று தும்மினால் அந்தக் கரையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். இரண்டு ஷட்டர், பதினெட்டு அடி ஆழம், சுவரில் கறுப்பும் வெள்ளையுமாக எண் எழுதிய அளவுப் பலகை, தினமும் காலையில் அதைப் பார்த்து எழுத ஒரு நோட்டு, பக்கத்தில் இரண்டு அறை வீடு. அவ்வளவுதான் அவருடைய ராஜ்ஜியம்.

அந்த மலையின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், ஒரு நிமிஷம்தான். உங்கள் இடது கையை மல்லாக்க விரித்து வையுங்கள். கட்டைவிரலை மடக்கிக்கொள்ளுங்கள், அதற்கு இங்கே வேலை இல்லை. மிச்சம் நாலு விரலும் நாலு சிற்றோடை. உள்ளங்கை, தண்ணீர் தேங்கும் இடம். மணிக்கட்டு, அணை. அதற்குக் கீழே முழங்கை வரைக்கும் ஓடி ஊருக்குள் போவது பெரிய ஓடை. விரல் இடுக்குகளில் மேடு, மேட்டில் மரம், மரத்துக்கு நடுவே ஒன்றிரண்டு வீடு. மலை முழுவதும் இவ்வளவுதான்.

அந்த நாலு சிற்றோடைக்கும் பெயர் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. யார் வீட்டை ஒட்டி ஓடுகிறதோ அவர்களை வைத்துச் சொல்லிக்கொள்வார்கள். ஒருத்தருக்கு அது அம்மா ஓடை, இன்னொருத்தருக்கு அதுவே அத்தை ஓடை, மூன்றாமவருக்குப் பெரியம்மா ஓடை. யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. யார் யாருக்கு என்ன உறவு என்பதுதான் எல்லாருக்கும் தெரியுமே.

அணைக்காரருக்கு வேலை முடிந்ததும் அணை வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். அப்பா வீடு அக்காவுக்குப் போய்விட்டது. அக்கா என்றால் கூடப்பிறந்த அக்கா. பெரியப்பா மகள் ஒரு அக்கா கீழே கடைத்தெருவில் இருக்கிறாள், அவளுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. ஒரே மகள் கல்யாணமாகி நகரத்தில் ஐந்தாவது மாடியில் இருக்கிறாள். "அப்பா, இங்க வந்துடுங்க" என்றுதான் அவளும் கூப்பிட்டாள். ஒரு முறை போய் மூன்று நாள் தங்கினார். குழாயைத் திறந்துவிட்டு, "இந்தத் தண்ணி எங்கிருந்து வருது?" என்று கேட்டார். மகளுக்குத் தெரியவில்லை. மருமகனுக்கும் தெரியவில்லை. எங்கிருந்து வருகிறது என்று தெரியாத தண்ணீரில் எப்படிக் குளிப்பது என்று நாலாம் நாள் பஸ் ஏறிவிட்டார்.

மிச்சம் இருந்தது ஒரே இடம், மாமியார் வீட்டு முன்னறை. மோதிர விரல் ஓடைக்கரையில், பாதி மலையில் இருக்கிறது அந்த வீடு. அந்த ஓடையில் அது ஒன்றுதான் வீடு, அதில் மாமியார் ஒருத்திதான் ஆள். "நீ கூட இருந்தா எனக்கும் தெம்புதான். முன்னறையை ஒழிச்சுத் தரேன், மாப்பிள்ளையைக் கவலைப்பட வேண்டாம்னு சொல்லு" என்று அந்த அம்மாள் தன் மகளிடம், அதாவது அணைக்காரர் மனைவியிடம், தானாகவே வாக்குக் கொடுத்திருந்தாள். அணைக்காரரும் அதை நம்பித்தான், இருக்கிற இரண்டு கட்டிலில் ஒன்றை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்.

இந்த நிலையில்தான் படக்காரம்மா வந்து சேர்ந்தார்.

படக்காரம்மா நில அளவை ஆபீசிலிருந்து வந்தவர். மலைக்குப் புதிதாக வரைபடம் போடுகிறார்களாம். முக்காலியில் ஏற்றிய கருவி, தோளில் பை, கையில் பென்சில், எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்கிற குணம். அந்தக் கடைசிக் குணம் இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அணைக்காரர் அப்போது ஷட்டரின் பல்சக்கரத்துக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் கறுப்பு.

"ஐயா, பழைய படத்துல இந்த ஓடைங்களுக்கு வெறும் நம்பர்தான் போட்டிருக்கு. இங்க உள்ளவங்க என்ன பேர் சொல்றீங்களோ அதைப் போடலாம்னு இருக்கோம். உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாம வேற யாருக்கும்மா தெரியும்? முப்பத்து நாலு வருஷமா நாலு ஓடையும் எங்கிட்டதான் வந்து கணக்குச் சொல்லிட்டுப் போகுது."

"அப்ப சொல்லுங்க. அந்தக் கிழக்கு ஓரத்துல வர்றது?"

"அது எங்க அக்கா ஓடை."

"அதுக்கு இந்தப் பக்கம்?"

"மாமியார் ஓடை."

"அடுத்தது?"

"மச்சான் ஓடை. அதுக்கும் அந்தாண்ட சித்தப்பா ஓடை."

அவர் வீட்டில் பேசுகிற மாதிரி தன் உறவுமுறையை வைத்துச் சொன்னார். படக்காரம்மா ஊருக்கே அதுதான் பெயர் என்று எழுதிக்கொண்டார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "ஒவ்வொண்ணும் எப்படி, என்ன தன்மைன்னு கொஞ்சம் சொன்னா விளக்கக் குறிப்புல சேர்த்துக்குவேன்" என்றும் கேட்டார். நீரோட்டத்தைப் பற்றி முதன்முதலாக ஒரு ஆள் வாய் திறந்து கேட்கிறார். அணைக்காரர் சக்கரத்தை அப்படியே விட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் பேசினார்.

மூன்று வாரம் கழித்துத் தபால் ஆபீஸ் சுவரில் வரைபடத்தை ஒட்டினார்கள். பக்கத்தில் நூல் கோத்து ஒரு சின்னப் புத்தகம் தொங்கியது. இது முதல் படிதான், அந்தந்த இடத்தில் குடியிருப்பவர்கள் குறை இருந்தால் முப்பது நாளுக்குள் சொல்லலாம், அதற்குப் பிறகு அச்சுக்குப் போய்விடும் என்று கீழே எழுதியிருந்தது.

அணைக்காரர் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு பார்க்கப் போனார். உள்ளங்கை மாதிரி நீலமாக அவருடைய தேக்கம். விரல் விரலாக நாலு கோடு. ஒவ்வொரு கோட்டின் மேலும் அச்சு மாதிரி அழகான எழுத்து. நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. புத்தகத்தை எடுத்துப் படித்தார்.

"அக்கா ஓடை: ஆண்டு முழுவதும் தெளிந்த நீர். அமைதியான ஓட்டம். அணைக்கு உயிர்நாடி.

மாமியார் ஓடை: ஆண்டில் பத்து மாதம் வறண்டது. மழைக்காலத்தில் பெருஞ்சத்தத்துடன் சேற்றைக் கொண்டுவந்து இறக்கும். அணையில் படியும் வண்டலுக்கு முதற்காரணம். கட்டுப்படுத்துவது கடினம்.

மச்சான் ஓடை: அகலம் அதிகம், ஆழம் இல்லை. பெரும்பாலும் பாதி வழியில் நின்றுவிடும்.

சித்தப்பா ஓடை: இடையில் மறைந்துவிடும். எங்கே போகிறது என்பது தெரியவில்லை. எதிர்பாராத இடத்தில் மீண்டும் வெளிப்படும்."

நிமிர்ந்த நெஞ்சு மெல்ல மெல்ல உள்ளே போனது. ஒரு வரிகூடப் பொய் இல்லை. சித்தப்பா ஒரு காலத்தில் தீப்பெட்டி வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் பதினோரு வருஷம் கழித்து வந்தவர். அவர் இப்போது உயிரோடு இல்லை, ஆகவே வழக்கு இல்லை. மற்ற மூன்று பேரும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார்கள்.

முதலில் வந்தவர் மச்சான். அணைக்காரரின் மனைவிக்கு நேர் தம்பி, தச்சு வேலை செய்கிறவர். காதில் செருகிய பென்சிலைக்கூட எடுக்காமல் வந்து நின்றார்.

"மாமா, அகலம் அதிகம், ஆழம் இல்லைன்னா என்ன அர்த்தம்?"

"அது ஓடையைச் சொன்னதுடா மச்சான்."

"பாதி வழியில நின்னுடும்னு போட்டிருக்கே. உங்க வீட்டு அலமாரியை மனசுல வச்சுத்தானே சொன்னீங்க?"

"அலமாரி ரெண்டு வருஷமா கதவு இல்லாம நிக்குது. அது வேற விஷயம்."

"சரி. எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல. நேரா அம்மாகிட்டத்தான் போறேன். அவங்களுக்குப் படிக்கத் தெரியாதில்ல? நான் படிச்சுக் காட்டப் போறேன். நிறுத்தி நிறுத்திப் படிப்பேன்."

சொன்னபடியே செய்தார். கட்டுப்படுத்துவது கடினம் என்கிற இடத்தை அம்மா கேட்டுக்கொண்டதால் இரண்டு முறை படித்தாராம்.

மறுநாள் மாமியார் கைத்தடியோடு தானே இறங்கி அணைக்கு வந்துவிட்டாள். எழுபத்தைந்து வயது. அணைக்காரர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். மாமியார் செம்பை வாங்கிக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தாள்.

"இது எந்த ஓடைத் தண்ணி? அக்கா ஓடைத் தண்ணிதானே? நல்லாத் தெளிவாத்தான் இருக்கு."

"வாங்க அத்தை, உக்காருங்க" என்றார் அணைக்காரர்.

"இருக்கட்டும் மாப்பிள்ளை. உக்காந்தா சேறு படிஞ்சுடும். அப்புறம் வண்டல் வாரணும். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"அத்தை, நான் உங்களைச் சொல்லல. அது ஓடை."

"எனக்குத் தெரியாதா மாப்பிள்ளை? என் பேர் போட்ட ஓடை. முப்பத்திரண்டு வருஷமா ஒரு சொல்லு என்னைச் சொன்னதில்லை நீங்க. எனக்கே ஆச்சரியமா இருக்கும், எப்படி இந்த மனுஷன் எல்லாத்தையும் மனசுக்குள்ளயே வச்சிருக்காருன்னு. இப்பத்தானே தெரியுது, சேர்த்து வச்சு அரசாங்கத்துகிட்டச் சொல்லியிருக்கீங்கன்னு."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அணைக்காரருக்கு விளங்கவில்லை. விசாரிக்கிற நிலைமையிலும் அவர் இல்லை.

கிளம்பும்போது மாமியார் வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னாள். "இந்த வருஷம் பூசணி நல்லாக் காய்ச்சிருக்கு. வைக்க இடம் இல்ல. முன்னறையிலதான் அடுக்கியிருக்கேன். பத்து மாசம் கெடாம இருக்கும்."

அன்றிலிருந்து அணைக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. காலையில் அளவுப் பலகையைப் பார்ப்பார், நோட்டில் எழுதுவார், திரும்பி வீட்டைப் பார்ப்பார். இன்னும் முப்பது சொச்சம் நாள். ஐந்தாவது மாடி கண்முன்னே வந்து நிற்கும்.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்றேன்" என்றாள் மனைவி. "பேரை மாத்தி அம்மா ஓடைன்னு போடச் சொல்லிடுங்க. பிரச்சினை தீர்ந்துச்சு."

"பேரை மாத்தினா குறிப்பு மாறுமா? அம்மா ஓடை, சேற்றைக் கொண்டுவந்து இறக்கும்னு வரும். அப்ப உனக்குக் கோபம் வரும்."

"குறிப்பையும் மாத்துங்க."

"எப்படி மாத்துறது? பத்து மாசம் காய்ஞ்சுதானே கிடக்கு? நான் பார்த்ததைத்தானே சொன்னேன்? உங்க அம்மாவுக்காகத் தண்ணி ஓடுதுன்னு எழுத முடியுமா?"

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எழுத வேண்டாம். உங்க உண்மையைத் தலைக்கு வச்சுக்கிட்டுப் பூசணிக்குப் பக்கத்துல படுத்துக்குங்க."

அக்கா வேறு எரிகிற இடத்தில் வந்து ஊதினாள். உயிர்நாடி என்று புத்தகத்தில் போட்டுவிட்டார்கள் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "தம்பி, நான் அந்த வீட்டுக்கு வந்த பிறகுதானேடா ஓடை வத்தாம ஓடுது? அப்பா காலத்துல கோடை வந்தா சொட்டுத் தண்ணி கிடையாதே! எல்லாம் ஒரு ராசிதான்" என்று கடைத்தெரு வரைக்கும் சொல்லிக்கொண்டு போனாள். இந்தச் சேதி மாமியார் காதுக்குப் போகாமல் இருக்குமா? அன்று சாயங்காலமே முன்னறையில் இன்னும் ஏழு பூசணி ஏறியதாக மச்சான் வந்து சொன்னார்.

கடைசியில் அணைக்காரர் படக்காரம்மாவுக்குப் போன் போட்டார். படக்காரம்மா பதறிப்போனார். "ஐயா, அது உங்க சொந்த மாமியாரா! நான் ஏதோ பழைய கதை ஏதாவது இருக்கும்னு நினைச்சேனே!" பிறகு சட்டத்தைச் சொன்னார். பெயரோ குறிப்போ மாற வேண்டுமானால், அந்த ஓடைக்கரையில் குடியிருப்பவர் சொல்ல வேண்டும். சொன்னால் படக்காரம்மா நேரில் நடந்து பார்த்துத்தான் எழுதுவார். அந்த ஓடைக்கரையில் குடியிருப்பவர் ஒரே ஒருத்தி. அவள் சொல்வதாக இருந்தால் அவள் வீட்டுக்குப் போக வேண்டும்.

ஆக, ஒரு காலை வேளையில் படக்காரம்மா முன்னே, அணைக்காரர் நடுவே, அவர் மனைவி பின்னே, வேடிக்கை பார்க்க மச்சான் கடைசியாக, தேக்கத்தின் மேல்முனையிலிருந்து மோதிர விரல் ஓடை வழியே ஏறினார்கள்.

முதல் கால் மைல் வெறும் சேறு. காய்ந்து வெடித்து, ஓடு ஓடாகப் பெயர்ந்து கிடந்தது. அதற்கு மேலே பெரிய மண்சரிவு. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் மலையை வெட்டி ரோடு போட்டபோது, வெட்டிய மண் ஒரு மழையில் அப்படியே பெயர்ந்து ஓடைக்குள் வந்து விழுந்தது. இன்னும் மழைக்கு மழை கரைந்துகொண்டிருக்கிறது. ஓடையின் ஊற்றும் அதில் அடைபட்டுப்போனது என்றுதான் அணைக்காரர் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார்.

"பாருங்கம்மா" என்றார் அணைக்காரர். குரலில் ஒரு சின்னத் தெம்பு. "நான் சொன்னது பொய்யா? சேறு இங்கிருந்துதான் வருது. தண்ணி எங்க இருக்கு? ஒரு சொட்டு இல்ல."

படக்காரம்மா தலையாட்டி எழுதிக்கொண்டார். சரிவைச் சுற்றி ஏறினால் மேலே மாமியார் வீடு. வாசலில் மாமியார் பூசணிக்குக் காவல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். முன்னறைச் சன்னல் வழியே மஞ்சளும் பச்சையுமாகக் குவியல் தெரிந்தது. அணைக்காரர் வழக்கம்போல வாசல் பெஞ்சில் உட்காரப் போனார். முப்பத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் அவர் பார்த்தது அந்தப் பெஞ்சையும் முன்னறையையும்தான். மாப்பிள்ளையைப் பின்பக்கம் விடுவது மரியாதை இல்லை என்று மாமியார் நினைத்தாள். பின்பக்கம் போவது மரியாதை இல்லை என்று மாப்பிள்ளை நினைத்தார். இரண்டு மரியாதையும் சேர்ந்து அவரை அந்தப் பெஞ்சிலேயே ஆணி அடித்து வைத்திருந்தன.

படக்காரம்மாவுக்கு அந்த மரியாதை எல்லாம் தெரியாது. "என்னம்மா, பின்னாடி தண்ணிச் சத்தம் கேக்குதே?" என்று விடுவிடுவென்று வீட்டைச் சுற்றிப் போய்விட்டார். போனவர் அங்கிருந்து, "ஐயா! கொஞ்சம் இங்க வாங்க!" என்று கத்தினார்.

அணைக்காரர் மாமியார் முகத்தைப் பார்த்தார். அவள் வேறு எங்கோ பார்த்தாள். அவர் எழுந்து போனார்.

பின்பக்கம் ஒரு அணை இருந்தது.

கல் அடுக்கி, களிமண் பூசி, இடுப்பு உயரத்துக்கு ஓடையின் குறுக்கே கட்டியிருந்தது. மேலே சுனையிலிருந்து வருகிற தண்ணீர், கண்ணாடி மாதிரி, அதில் வந்து தேங்கி நின்றது. ஓரத்தில் பழைய கதவு ஒன்றைப் பலகையாக இறக்கி, ஏற்றி இறக்கக் கயிறு கட்டியிருந்தது. பலகைக்கு அடியில் போகிற தண்ணீர் ஒரு வாய்க்காலில் ஓடி, துவைக்கிற தொட்டியைத் தாண்டி, பூசணித் தோட்டத்தைத் தாண்டி, மேட்டைச் சுற்றி வளைந்து அந்தப் பக்கம் இறங்கியது. அந்தப் பக்கம் என்றால் சுண்டு விரல். அக்கா ஓடை.

அணைக்காரர் குனிந்து பலகையின் அடியில் விரலை வைத்துப் பார்த்தார். நாலு விரல் திறந்திருந்தது.

"இது எப்ப இருந்து?" என்று மனைவியைக் கேட்டார்.

"ரொம்ப நாளா இருக்கே."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். அம்மா துணி துவைக்கத் திருப்பி விட்டிருக்காங்க. நீங்க கேக்கவே இல்லையே."

"மச்சான், உனக்கு?"

"அந்தப் பலகையை இழைச்சுக் குடுத்ததே நான்தான் மாமா. பாதியில நிறுத்தாம முடிச்ச வேலை அது. எழுதிக்குங்கம்மா."

வாய்க்கால் தெரியாதவர்கள் அங்கே அணைக்காரரையும் படக்காரம்மாவையும் தவிர யாரும் இல்லை. அது மேட்டுக்கு அந்தப் பக்கம் போய் எதில் விழுகிறது, விழுந்து எங்கே போகிறது என்று மனைவியோ மச்சானோ யோசித்ததில்லை.

படக்காரம்மா வாய்க்கால் ஓரமாகவே மேட்டைச் சுற்றி நடந்துபோய்த் திரும்பி வந்தார். அக்கா ஓடையின் சொந்த ஊற்றையும் எட்டிப் பார்த்துவிட்டாராம். "ஐயா, அந்த ஓடைக்குன்னு இருக்கிறது சுண்டு விரல் பருமனுக்குத்தான். மிச்சம் அத்தனையும் இங்கிருந்து போறதுதான்" என்றார். பிறகு மாமியார் பக்கம் திரும்பினார். "தோட்டத்துக்குன்னா இங்கயே விட்டிருக்கலாமேம்மா. எதுக்கு இவ்வளவு தூரம் வெட்டி அந்தப் பக்கம் இறக்கினீங்க?"

மாமியார் கைத்தடியால் ஒரு கூழாங்கல்லைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ரோட்டு மண்ணு சரிஞ்ச வருஷம், நல்ல தண்ணியெல்லாம் அந்தச் சரிவுக்குள்ள போய்ச் சேறாகிக் கீழ இறங்கிச்சு. அணையில தண்ணி கலங்கலா வருதுன்னு மாப்பிள்ளையை ஆபீசுல வச்சுக் காய்ச்சினாங்க. வேற எங்கயாவது தூக்கிப் போட்டுடுவாங்கன்னு இவ வந்து அழுதா. நானும் எத்தனை நாள்தான் இவ அழுகையைக் கேக்குறது? சேத்துல விழாம அந்தப் பக்கமாப் போகட்டும்னு வெட்டி விட்டேன். பத்து நாள் மண்வெட்டி வேலை. இதெல்லாம் ஒரு விஷயமா?"

அணைக்காரருக்கு அந்த வருஷம் நன்றாக ஞாபகம் இருந்தது. அணைத் தண்ணீரைத் தெளிய வைத்ததற்காக ஆபீசில் அவரைக் கூப்பிட்டுப் பாராட்டிக் கடிதம் கொடுத்தார்கள். ஷட்டருக்கு முன்னால் குப்பையைத் தடுக்கிற வலைச்சல்லடையைத் தினம் இரண்டு முறை கழுவியதால்தான் தெளிந்தது என்று ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கமும் சொன்னார். அடுத்த ஊர் அணைக்காரர்கள் இரண்டு பேர் அதைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். பாவம், இன்னும் சல்லடை கழுவிக்கொண்டிருக்கிறார்களோ என்னவோ.

"அத்தை" என்றார். "வாரத்துல ஒரு நாள் அக்கா ஓடையில வரத்து குறையும். பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை. பதினெட்டு வருஷமா நோட்டுல 'காரணம் தெரியவில்லை'ன்னு எழுதிட்டு வரேன்."

"செவ்வாய்க்கிழமை போர்வை துவைப்பேன். தொட்டி நிறையணுமே. பலகையை இறக்கிடுவேன்" என்றாள் மாமியார். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஆபீசுக்கு எழுதினீங்க, எனக்கு எழுதல."

மச்சான் சிரிப்பை அடக்க முடியாமல் பூசணிக் கொடிக்குப் பின்னால் போய்விட்டார்.

படக்காரம்மா பையிலிருந்து புதுத் தாளை எடுத்தார். "அம்மா, நீங்க சொல்லுங்க. பேரை மாத்தணுமா? அம்மா ஓடைன்னு போடட்டுமா?"

அணைக்காரர் மனைவி ஆவலோடு தலையாட்டினாள். மாமியார் யோசித்தாள்.

"வேண்டாம்மா. அம்மான்னு வச்சா எவன் வேணாலும் உரிமையா வந்து கால் கழுவுவான். மாமியார்னு இருந்தாத்தான் நாலடி தள்ளி நிப்பான். அதுவே இருக்கட்டும்."

"குறிப்பு?"

"அணைக்கு வர்ற நல்ல தண்ணியில பெரும்பங்கு இந்த ஓடையோடதுன்னு போடுங்க. நடுவுல வேற ஒரு ஓடை வழியாப் போகுதுன்னும் போடுங்க. எந்த ஓடைன்னு போட வேண்டாம், அவங்க வருத்தப்படுவாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "வேண்டாம், போட்டுடுங்க. அவங்க ஒரு வாரமாக் கடைத்தெருவுல பேசினதை நானும் கேட்டேன்."

"கட்டுப்படுத்துவது கடினம்னு இருந்ததே, அதை எடுத்துடறேன்."

"எடுத்துடுங்க. பலகை வச்சுக் கட்டுப்படுத்திட்டுத்தானே இருக்கேன்."

"மழைக்குப் பெருஞ்சத்தத்தோட வரும்னு இருக்கே, அதையும்..."

"அது இருக்கட்டும்" என்றாள் மாமியார். "சத்தம் போடாத மாமியார்னு எழுதினா படத்தை ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

படக்காரம்மா எழுதி, படித்துக் காட்டி, கட்டைவிரல் ரேகை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். அணைக்காரர் அங்கேயே நின்றார். பெஞ்சுக்குப் போவதா, வீட்டைப் பார்த்து நடப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. பூசணி இன்னும் முன்னறையில்தான் இருந்தது. அதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

மாமியார்தான் எடுத்தாள். "எனக்கு இந்தக் கயிறைப் பிடிச்சு இழுக்கத் தோள் வலிக்குது மாப்பிள்ளை. ரெண்டு வருஷமாச் சொல்லிட்டிருக்கேன், ஒரு ஆள் கிடைக்கல. உங்களுக்குத்தான் இந்த வேலை தெரியுமே. காலையில நாலு விரல், சாயங்காலம் மூணு. செவ்வாய்க்கிழமை மூடிடணும். உங்க அணை மாதிரி உங்க இஷ்டத்துக்குத் திறக்க முடியாது. நான் சொல்றபடிதான்."

"மழை நாள்ல, அத்தை?"

"மழை நாள்லயும் நான் சொல்றபடிதான்."

முப்பத்து நாலு வருஷம் அணைக்காரருக்கு மேலே ஏழெட்டு அதிகாரிகள் வந்து போயிருக்கிறார்கள். ஒருத்தராவது எத்தனை விரல் என்று சரியாகச் சொல்லி அவர் கேட்டதில்லை.

"சரி அத்தை" என்றார்.

"அப்ப அங்க நின்னுட்டு இருந்தா எப்படி? முன்னறையில முப்பது காய் இருக்கு. ஒவ்வொண்ணா எடுத்துக் கொட்டகையில அடுக்குங்க. காம்பைப் பிடிச்சுத் தூக்காதீங்க, உடைஞ்சுடும்."

அவர் வீட்டின் பின்வாசல் வழியே உள்ளே நுழைந்து, இரண்டு கையாலும் முதல் பூசணியைத் தூக்கினார். சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த மச்சானைக் கூப்பிட்டு, அதன் மறு முனையைப் பிடிக்கச் சொன்னார்.